தலைமடையும் கடைமடையும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



ஆண்டுதோறும் ஜூன் 12-ஆம் நாள் நெருங்குகையில் தஞ்சைத் தரணியின் உழவர் குடிகள் ஒரே வினாவைக் கேட்கத் தொடங்குகின்றன. மேட்டூர் அணை குறித்த நாளில் திறக்குமா என்பதே அவ்வினா. குறுவைக்கு நாற்றங்கால் விடுவதா, சம்பா வரை பொறுத்திருப்பதா என்பது அதன் விடையைப் பொறுத்தது. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்நாளில் அணை திறக்க இயலாமற்போயிற்று. தலைஞாயிறு, வேதாரணியம் பக்கத்துக் கடைமடை உழவர்க்கோ அணை திறந்தாலும் கவலை தீர்வதில்லை. கல்லணை கடந்து, ஆறும் வாய்க்காலும் கன்னியும் கடந்து, கடைசி மதகிற்கு நீர் வந்து சேரும்வரை அவர்கள் காத்திருக்க வேண்டும்.

குடகு மலையில் பெய்யும் மழை இந்நீரைத் தருகிறது. மழையைப் பாடாத தமிழ்ப் புலவர் இல்லை. ஆயின் மழை பெய்த பின்பும் அந்நீர் இவ்வயலுக்கு வருமா என்பதைத் தீர்மானிப்பது மற்றொன்றும் உண்டு. அது தில்லியில் எழுதப்பட்ட சட்டத்தின் சொல். மழைக்கு ஏங்கும் உலகத்தையும் நல்லாட்சிக்கு ஏங்கும் குடிகளையும் வள்ளுவர் செங்கோன்மை அதிகாரத்தில் ஒருங்கே வைத்துக் காட்டினார். அன்று கோல் மன்னன் கையில் இருந்தது. இன்று அது ஓர் அவையின் சொல்லில் இருக்கிறது. சொல்லையே தொழிலாகக் கொண்டோர் கூடியுள்ள இம்மன்றத்தில் அச்சொல் எவ்வாறு பிறக்கிறது, யார் கையில் வளர்கிறது, எங்கே தேங்குகிறது என்று ஆராய்வது பொருத்தமுடையது.

வாரியம் என்னும் சொல்

சோழர் காலத்தில் ஊர், சபை, நகரம், நாடு என அவைகள் பல இருந்தன. உழுகுடிகள் நிறைந்த ஊர்களில் 'ஊர்' என்ற அவையும், பிரமதேயங்களில் 'சபை'யும், வணிகர் வாழ்ந்த இடங்களில் 'நகர'மும் செயற்பட்டன. இவற்றுள் சபையின் நடைமுறையை மிக விரிவாகக் கூறும் கல்வெட்டு காவிரிக் கரையில் இல்லை. சோழர் ஆட்சிக்கு உட்பட்டிருந்த தொண்டை மண்டலத்து உத்திரமேரூரில் உள்ளது. முதலாம் பராந்தகனின் 12-ஆம் ஆட்சியாண்டிலும் 14-ஆம் ஆட்சியாண்டிலும், அதாவது கி.பி. 919-லும் 921-லும், அவ்வூர்ச் சபை தனக்குத் தானே விதி வகுத்துக்கொண்ட செய்தியை அது தெரிவிக்கிறது.

ஊர் முப்பது குடும்புகளாகப் பகுக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயர்கள் ஓலையில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. அவ்வோலைகளை எடுத்து ஆண்டு வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் முதலியவற்றிற்கு உறுப்பினர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்க்கும் அவர்தம் நெருங்கிய உறவினர்க்கும் இடமில்லை. முந்தைய மூன்று ஆண்டுகளுள் பணியாற்றியவரும் மீண்டும் வரலாகாது.

இதில் இரண்டு செய்திகள் எண்ணத்தக்கவை. முதலாவது, 919-இல் வகுத்த விதியை அச்சபையே ஈராண்டுக்குள் திருத்தியது. உறுப்பினர் வயது முப்பது முதல் அறுபது என்றிருந்தது, முப்பத்தைந்து முதல் எழுபது என மாற்றப்பட்டது. விதி என்பது ஒருமுறை செதுக்கி முடித்துவிடும் சிலை அன்று என்பதை அவ்வூரார் கல்லில் எழுதும்போதே அறிந்திருந்தனர். இரண்டாவது, சொந்த நிலமும் மனையும் வேதப் பயிற்சியும் உடைய ஆடவர்க்கே அச்சபையில் இடம் இருந்தது. வயலில் இறங்கி உழைத்தோர்க்கும் பெண்டிர்க்கும் அங்கே ஓலை எழுதப்படவில்லை. பழம்பெருமை பேசும்போது இதனை மறைத்தல் ஆய்வுக்கு அழகன்று. இன்றைய நாடாளுமன்றம் அச்சபையிலிருந்து வழிவழியாக வளர்ந்ததும் அன்று. அது 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் படைப்பு. அதன் நடைமுறைகள் பல ஆங்கில நாட்டு மரபினின்று வந்தவை. எனினும் நீரைக் காக்க ஒரு குழு வேண்டும், அக்குழு கணக்குக் காட்ட வேண்டும் என்ற எண்ணத்தையும், அதற்கு 'வாரியம்' என்ற சொல்லையும் தமிழர் ஆயிரம் ஆண்டுகளாகக் கைவிடவில்லை. இச்சொல் இவ்வுரையில் மீண்டும் வரும்.

அவையின் அமைப்பு

நாடாளுமன்றம் என்றவுடன் பலர்க்கும் இரண்டு அவைகளே நினைவுக்கு வருகின்றன. அரசமைப்பின் 79-ஆம் உறுப்போ அதற்கு மூன்று அங்கங்களைக் கூறுகிறது. குடியரசுத் தலைவர், மாநிலங்களவை, மக்களவை ஆகிய மூன்றும் சேர்ந்ததே நாடாளுமன்றம்.

மக்களவையின் 543 உறுப்பினரையும் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கின்றனர். தமிழகத்திற்கு 39 இடங்கள் உள்ளன. தஞ்சாவூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் என்னும் மூன்று தொகுதிகள் காவிரிப் படுகையின் நெஞ்சுப் பகுதியிலிருந்து செல்லும் குரல்கள். மாநிலங்களவையில் இப்போது 245 இடங்கள் உள்ளன. அவற்றுள் 233 பேரை மாநிலங்களின் சட்டமன்ற உறுப்பினர்களும், அத்தகு மன்றமுடைய ஒன்றியப் பகுதிகளின் வாக்காளர் குழுவினரும் தேர்ந்தெடுக்கின்றனர். தமிழகத்தின் பங்கு 18. எஞ்சிய 12 பேரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். அவ்வாறு நியமிக்கப்படுவோர்க்கு உரிய துறைகளை அரசமைப்பு அடுக்கும்போது முதலில் வைத்திருப்பது இலக்கியத்தை. கவிஞர்கள் கருத்தில் கொள்ளத்தக்க முறைவைப்பு அது.

மக்களவைக்கு ஆயுள் ஐந்தாண்டு. அதற்கு முன்னரும் அது கலைக்கப்படலாம். மாநிலங்களவை கலைக்கப்படுவதே இல்லை. உறுப்பினர் ஆறாண்டு இருப்பர். ஈராண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வு பெறப் புதியோர் வருவர். மக்களவையைச் சபாநாயகர் நடத்துகிறார். மாநிலங்களவைக்குக் குடியரசுத் துணைத் தலைவரே தலைவர். எந்த அவையாயினும் பத்தில் ஒரு பங்கு உறுப்பினர் இருந்தாலொழிய அது கூடியதாகக் கொள்ளப்படாது. மக்களவைக்கு அவ்வெண் 55.

இம்மூன்று அங்கங்களிலும் இருந்து பணியாற்றும் பேறு தஞ்சை மண்ணில் பிறந்த ஒருவர்க்கு வாய்த்தது. 1910-இல் பட்டுக்கோட்டையை அடுத்த ராஜாமடத்தில் பிறந்த ஆர். வெங்கட்ராமன் 1952-இல் அமைந்த முதல் மக்களவையில் தஞ்சாவூர்த் தொகுதியின் உறுப்பினர். 1984-இல் குடியரசுத் துணைத் தலைவராகி மாநிலங்களவைக்குத் தலைமை தாங்கினார். 1987 முதல் 1992 வரை குடியரசுத் தலைவராக விளங்கினார். காவிரி பற்றிய சட்ட வரலாற்றில் அவர் இருமுறை குறுக்கிடுகிறார் என்பதைப் பின்னர்க் காணலாம்.

முன்வடிவின் பயணம்

மசோதா என்று வழங்கப்பெறும் சட்ட முன்வடிவு, ஓர் அவையில் மூன்று வாசிப்புகளைக் கடக்க வேண்டும். முதல் வாசிப்பில் அது அவையில் முன்வைக்கப்படுகிறது. இரண்டாம் வாசிப்பே உயிரானது. முதலில் அதன் கொள்கை விவாதிக்கப்படும்; வேண்டுமாயின் குழுவின் ஆய்வுக்கு அனுப்பப்படும்; பின்னர்க் கூறு கூறாக, சொல் சொல்லாக, திருத்தங்களோடு வாக்குக்கு விடப்படும். மூன்றாம் வாசிப்பில் முழு முன்வடிவும் ஏற்கப்படுகிறது அல்லது தள்ளப்படுகிறது. அதன்பின் மற்றோர் அவையில் இதே வழியை மீண்டும் நடக்க வேண்டும். இரண்டும் ஒப்பிய பின் குடியரசுத் தலைவரின் இசைவு பெற்றால்தான் முன்வடிவு சட்டமாகும். பண முன்வடிவு மட்டும் விலக்கு. அது மக்களவையில்தான் தொடங்கும். மாநிலங்களவை பதினான்கு நாளுக்குள் கருத்துரையோடு திருப்பி அனுப்பலாமேயன்றித் தடுத்தல் இயலாது. ஏனைய முன்வடிவுகளில் ஈரவையும் முரண்பட்டால் கூட்டுக் கூட்டம் கூட்டலாம். 1961, 1978, 2002 ஆகிய மூன்று ஆண்டுகளில் மட்டுமே அவ்வாறு கூடிச் சட்டம் இயற்றினர்.

சொல் சொல்லாக ஆராயும் பணி அவையின் பெருங்கூட்டத்தில் நடப்பது அரிது. அதற்கெனவே 1993-இல் துறைவாரி நிலைக்குழுக்கள் தொடங்கப்பட்டன. அன்று 17, 2004 முதல் 24. ஒவ்வொன்றிலும் மக்களவையினர் 21 பேரும் மாநிலங்களவையினர் 10 பேரும் இடம்பெறுவர். கட்சி வேற்றுமை சற்றுத் தணிந்து, அலுவலரையும் அறிஞரையும் அழைத்துக் கேட்டு, முன்வடிவின் சொற்களை உரசிப் பார்க்கும் இடம் அது. பழைய பெயரால் சொல்வதாயின் அவை நாடாளுமன்றத்தின் வாரியங்கள்.

இப்பயணம் எளிதன்று என்பதற்குக் காவிரிக் கரை ஊரின் பெயர் தாங்கிய ஒருவரின் முயற்சியே சான்று. திருநங்கையர் முதலானோர் உரிமைக்காகத் திருச்சி சிவா தனி உறுப்பினராகக் கொணர்ந்த முன்வடிவை 2015 ஏப்ரல் 24-இல் மாநிலங்களவை ஏற்றது. அமைச்சரல்லாத ஓர் உறுப்பினரின் முன்வடிவு அவையொன்றில் நிறைவேறியது பல்லாண்டுகளுக்குப் பின் அதுவே முதன்முறை. ஆயினும் மக்களவையில் அது நிறைவேறவில்லை. அரசு கொணர்ந்த வேறொரு முன்வடிவே 2019-இல் சட்டமாயிற்று. தலைமடை திறந்தாலும் இடைமடை அடைபட்டால் நீர் நின்றுபோகும் என்பதை உழவர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

1956: ஆற்றுக்கு ஒரு சட்டம்

இனிக் காவிரிக்கு வரலாம். அரசமைப்பின் மாநிலப் பட்டியலில் 17-ஆம் இனமாக நீர் உள்ளது. ஒன்றியப் பட்டியலில் 56-ஆம் இனமாக மாநிலங்களுக்கு இடைப்பட்ட ஆறுகளின் ஒழுங்குமுறை உள்ளது. வீட்டு முற்றத்து நீர் ஒருவர்க்கும், தெருவில் ஓடும் நீர் மற்றொருவர்க்கும் என்றாற்போன்ற ஏற்பாடு இது. ஆறோ ஒன்றே. இச்சிக்கலை எதிர்நோக்கியே 262-ஆம் உறுப்பு எழுதப்பட்டது. மாநிலங்களுக்கு இடையே நீர்த் தகராறு எழுந்தால் அதைத் தீர்க்கும் முறையை நாடாளுமன்றம் சட்டத்தால் வகுக்கலாம். அத்தகராற்றில் உச்ச நீதிமன்றமும் பிற நீதிமன்றங்களும் அதிகாரம் செலுத்தாதவாறு தடுக்கவும் செய்யலாம்.

1956-ஆம் ஆண்டு நாடாளுமன்றம் இரு சட்டங்களை இயற்றியது. ஒன்று மாநிலங்களுக்கு இடையிலான நீர்த் தகராறுகள் சட்டம். மற்றொன்று ஆற்று வாரியங்கள் சட்டம். மொழிவழி மாநிலங்களின் எல்லைகள் வரையப்பட்ட அதே ஆண்டு அது. நிலத்தை மொழியால் பிரித்த அவையே, பிரிக்க முடியாத நீருக்கும் வழி தேடியது. தஞ்சாவூரின் உறுப்பினராக ஆர். வெங்கட்ராமன் அம்மக்களவையில் இருந்தார்.

இவ்விரு சட்டங்களுள் இரண்டாவதன் கதை துயரமானது. பல மாநிலங்கள் ஓர் ஆற்றைக் கூடிப் பேணுவதற்கு வாரியம் அமைக்க அச்சட்டம் வழிசெய்தது. அதன்கீழ் எந்த ஆற்றுக்கும் ஒரு வாரியமேனும் அமைக்கப்படவில்லை. மூன்று வாசிப்பும் கடந்து, ஈரவையும் ஏற்று, தலைவரின் இசைவும் பெற்ற சட்டமொன்று ஏட்டளவில் நின்றுபோகக்கூடும் என்பதற்கு அது சான்று. கூடி வாழும் வழியைச் சொன்ன சட்டம் உறங்கியது. வழக்காடும் வழியைச் சொன்ன சட்டமே விழித்திருந்தது.

'வேண்டும்' என்பதும் '-லாம்' என்பதும்

1892, 1924 ஆகிய ஆண்டுகளில் சென்னை மாகாணமும் மைசூர் அரசும் செய்துகொண்ட உடன்பாடுகளையொட்டிக் காவிரித் தகராறு வளர்ந்தது. 1924 உடன்பாட்டின் ஐம்பதாண்டு 1974-இல் நிறைவுற்றபின் பேச்சுகள் நீண்டன; முடிவு எட்டவில்லை. 1983-இல் தஞ்சை உழவர்களின் சங்கம் ஒன்று உச்ச நீதிமன்றத்தை அணுகி, நடுவர் மன்றம் அமைக்குமாறு ஒன்றிய அரசுக்கு ஆணையிட வேண்டியது. தமிழக அரசு முறைப்படி நடுவர் மன்றம் கேட்டு ஒன்றிய அரசுக்கு எழுதியது அதன்பின், 1986-இல். அரசுக்கு முன்னரே உழவர் சட்டத்தைப் படித்திருந்தனர் என்பது நினைவில் நிறுத்தத்தக்கது.

அவர்கள் பற்றிக்கொண்டது 1956 சட்டத்தின் 4-ஆம் பிரிவை. தகராற்றைப் பேச்சால் தீர்க்க இயலாது என்று ஒன்றிய அரசு கருதுமாயின் நடுவர் மன்றம் அமைக்க வேண்டும் என்கிறது அப்பிரிவு. 'அமைக்கலாம்' என்றன்று, 'அமைக்க வேண்டும்' என்று. ஆனால் 'கருதுமாயின்' என்ற ஒரு சொல் முன்னே நின்றது. எத்தனை ஆண்டுக்குள் கருத வேண்டும் என்று சட்டம் கூறவில்லை. அந்த இடைவெளியில் ஆண்டுகள் கழிந்தன. 1990 மே 4-இல் உச்ச நீதிமன்றம், இனியும் பேச்சால் பயனில்லை எனக் கண்டு, நடுவர் மன்றம் அமைக்க ஆணையிட்டது. 1990 ஜூன் 2-இல் அது அமைந்தது. 1991 ஜூன் 25-இல் ஆண்டுக்கு 205 டி.எம்.சி. நீர் மேட்டூருக்கு உறுதிசெய்யப்பட வேண்டும் என இடைக்கால ஆணை பிறந்தது.

அதை ஏற்காத கருநாடக அரசு அதே ஜூலையில் அவசரச் சட்டம் ஒன்று பிறப்பித்தது. ஒரு மாநிலம் தன் சட்டத்தால் நடுவர் மன்றத்தின் ஆணையை வெல்லுமா என்ற வினா எழுந்தது. 1991 ஜூலை 27-இல் குடியரசுத் தலைவர் அவ்வினாவை அரசமைப்பின் 143-ஆம் உறுப்பின்படி உச்ச நீதிமன்றத்தின் கருத்துக்கு அனுப்பினார். அப்போது அப்பதவியில் இருந்தவர் ராஜாமடத்தில் பிறந்த அதே ஆர். வெங்கட்ராமன். அமைச்சரவையின் அறிவுரைப்படியே குடியரசுத் தலைவர் நடக்க வேண்டும் என்பதால் அது அவர்தம் தனி விருப்பம் எனல் பொருந்தாது. நாடாளுமன்றத்தின் மூன்றாம் அங்கம் வெறும் அணியன்று, அதுவும் ஒரு மதகு என்பதே ஈண்டுக் கருதத்தக்கது. 1991 நவம்பர் 22-இல் அந்த அவசரச் சட்டம் அரசமைப்புக்கு முரணானது என நீதிமன்றம் உரைத்தது.

இவ்வளவும் பட்டறிந்த பின்னர் நாடாளுமன்றம் 2002-இல் 1956 சட்டத்தைத் திருத்தியது. மாநிலம் கேட்ட ஓராண்டுக்குள் நடுவர் மன்றம் அமைக்க வேண்டும் எனக் காலவரம்பு வந்தது. நடுவர் மன்றத்தின் முடிவு உச்ச நீதிமன்ற ஆணைக்குரிய வலிமையையே பெறும் என்ற கூறும் சேர்ந்தது. உத்திரமேரூர்ச் சபை ஈராண்டில் கற்ற பாடத்தை இந்தப் பேரவை நாற்பத்தாறு ஆண்டுகளில் கற்றது. அந்தத் திருத்தத்தின் பின்னே தஞ்சை உழவர் காத்திருந்த ஏழாண்டுகள் இருக்கின்றன என்று கருத இடமுண்டு.

வலிமை தரச் சேர்த்த சொல்லும் பின்னர் வழக்காயிற்று. முடிவு உச்ச நீதிமன்ற ஆணைக்கு நிகரெனில், அதன்மேல் உச்ச நீதிமன்றமே மேன்முறையீடு கேட்கக்கூடுமா என்று வாதிக்கப்பட்டது. 2016 டிசம்பர் 9-இல், அச்சொல் முடிவை நிறைவேற்றும் பொருட்டே அமைந்தது, மேன்முறையீட்டை அடைப்பதற்கன்று என நீதிமன்றம் பொருள் கண்டது. உவமைக்கும் பொருளுக்கும் உள்ள எல்லையை உரையாசிரியர் வரைவது போன்ற பணி அது.

ஒரு சொல்லின் பொருள் கேட்டு

நடுவர் மன்றத்தின் இறுதித் தீர்ப்பு 2007 பிப்ரவரி 5-இல் வந்தது. அரசிதழில் அது வெளியானது 2013 பிப்ரவரியில். மேன்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16-இல் தீர்ப்பளித்தது. பிலிகுண்டுலுவில் தமிழகத்திற்குக் கிடைக்க வேண்டிய ஆண்டு நீர் 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 டி.எம்.சி.யாகக் குறைந்தது. தீர்ப்பைச் செயற்படுத்த ஆறு வாரத்துக்குள் ஒரு 'ஸ்கீம்' வகுக்க வேண்டும் என நீதிமன்றம் பணித்தது.

'ஸ்கீம்' என்பது 1956 சட்டத்தில் 1980-இல் நாடாளுமன்றம் சேர்த்த 6அ பிரிவின் சொல். செயல்திட்டம் என அதைத் தமிழில் கூறலாம். நடுவர் மன்றத்தின் முடிவைச் செயற்படுத்த ஒன்றிய அரசு செயல்திட்டம் வகுக்கலாம் என்கிறது அப்பிரிவு. 4-ஆம் பிரிவில் 'வேண்டும்'. 6அ பிரிவில் '-லாம்'. தீர்ப்புச் சொல்ல மன்றம் கட்டாயம். தீர்ப்பை நடத்த அமைப்பு விருப்பம். தமிழிலக்கணம் பயில்வோர்க்கு இவை இரண்டு வினைமுடிபுகள். கடைமடை உழவர்க்கோ இவற்றினிடையே உள்ள தொலைவு ஒரு குறுவைப் பட்டத்தின் நீளம்.

ஆறு வாரமும் கழிந்தது. மார்ச் 31-இல் ஒன்றிய அரசு நீதிமன்றத்தை அணுகி, 'ஸ்கீம்' என்ற சொல்லுக்குப் பொருள் விளக்கம் கேட்டது. நடுவர் மன்றம் பரிந்துரைத்த மேலாண்மை வாரியத்தையே அச்சொல் குறிக்குமா, வேறு வகையாகவும் அமைக்கலாமா என்பது ஐயம். தமிழகம் எங்கும் கிளர்ச்சி எழுந்தது. தெருவெங்கும் ஒலித்த முழக்கம் 'காவிரி மேலாண்மை வாரியம்'. பராந்தகன் காலத்துக் கல்வெட்டுச் சொல் ஆயிரத்து நூறு ஆண்டு கடந்து உழவர் வாயில் உரிமைச் சொல்லாக நின்றது.

அந்நாளில் நாடாளுமன்றம் என்ன செய்துகொண்டிருந்தது என்ற வினா இயல்பாக எழும். 2018 மார்ச் 5 முதல் ஏப்ரல் 6 வரை வரவுசெலவுக் கூட்டத்தொடரின் பிற்பகுதி நடந்தது. தமிழக உறுப்பினர் பலர் நாள்தோறும் அவையின் நடுப்பகுதிக்கு வந்து வாரியம் கோரி முழங்கினர். பிற மாநிலத்தார் வேறு கோரிக்கைகளுக்காக முழங்கினர். அவை ஒழுங்கில் இல்லை என்று நாள்தோறும் ஒத்திவைக்கப்பட்டது. அக்கூச்சலினிடையே நாட்டின் நிதி முன்வடிவு மக்களவையில் விவாதமின்றி நிறைவேறியது. காவிரிக்காகக் குரல் எழுந்தது உண்மை. அக்குரல் அவைக்குறிப்பில் ஓர் உரையாகவோ, 6அ பிரிவின் '-லாம்' என்பதை 'வேண்டும்' என மாற்றும் திருத்தமாகவோ உருக்கொள்ளவில்லை. முழக்கத்தைக் குறை கூறுவது எளிது; வயல் காய்ந்தவன் முழங்காமல் என் செய்வான் என்ற எதிர்வினாவும் நேரியதே. ஆயினும் முழக்கம் ஒரு நாளின் கவனத்தைப் பெறும். திருத்தம் ஒரு தலைமுறைக்கு நிற்கும். அவையறிதல், அவையஞ்சாமை என இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்த வள்ளுவர், அஞ்சாமைக்கு முன்னே அறிதலை வைத்தார்.

மே 18-இல் நீதிமன்றம் செயல்திட்டத்தை ஏற்றது. 2018 ஜூன் 1-இல் அரசிதழில் அது வெளியாகி, காவிரி நீர் மேலாண்மை ஆணையமும் ஒழுங்காற்றுக் குழுவும் உருவாயின. வாரியம் என்ற பெயர் ஆணையம் என மாறிற்று. அவ்வாண்டு மேட்டூர் அணை ஜூலை 19-இல்தான் திறந்தது. அப்போதும் மழையே உதவிற்று.

ஒன்றை இங்கே மறவாமை வேண்டும். காவிரிக்கு மண்டியாவிலும் உழவர் உண்டு. அவர்தம் கரும்பும் நெல்லும் அதே நீரையே நம்பியுள்ளன. ஒருவரை மற்றவர் வெல்லச் செய்வது சட்டத்தின் வேலையன்று. மழை குறைந்த ஆண்டில் குறையைப் பகிரும் முறையை, மழைக்கு முன்னரே, தெளிந்த சொல்லில் எழுதி வைப்பதே அதன் வேலை. ஊரில் நீர் குறைந்தால் முறைவைத்துப் பாய்ச்சும் வழக்கத்தை அறிந்த படுகை மக்களுக்கு இந்நெறி புதிதன்று.

தேங்கிய முன்வடிவு

காவிரிக்குப் பின்னும் கதை முடியவில்லை. ஒவ்வொரு தகராற்றுக்கும் தனி மன்றம் அமைத்துப் பல்லாண்டு காத்திருப்பதற்கு மாறாக, நிலையான ஒரே தீர்ப்பாயம் அமைக்கும் நோக்கில் 2017-இல் ஒரு முன்வடிவு வந்தது. நிலைக்குழுவின் ஆய்வுக்குச் சென்ற அது, 2019-இல் மக்களவை கலைந்தபோது காலாவதியாயிற்று. 2019 ஜூலை 25-இல் புதிய மக்களவையில் மீண்டும் அறிமுகமாகி, ஆறே நாளில், ஜூலை 31-இல் நிறைவேறியது. மாநிலங்களவையில் அது நிறைவேறவில்லை. மக்களவை ஏற்று மாநிலங்களவையில் நிலுவையில் உள்ள முன்வடிவு, மக்களவை கலைந்தால் தானும் மடியும் என்பது அரசமைப்பின் விதி. 2024 ஜூனில் 17-ஆம் மக்களவை கலைந்தபோது அதுவும் மடிந்தது.

அம்முன்வடிவு மாநிலங்களுக்கு நன்மையா தீமையா என்பதில் இருவேறு கருத்துகள் உண்டு. அதிகாரம் தில்லியில் குவியும் என்ற அச்சம் தமிழகத்தில் வலுவாகவே ஒலித்தது. அது எவ்வாறாயினும், ஆறே நாளில் ஓர் அவையைக் கடந்த முன்வடிவு மற்றோர் அவையில் ஐந்தாண்டு கிடந்து மடிந்தது. இவ்விரண்டு விரைவுகளிலும் படுகையின் கருத்து கேட்கப்பட்ட நாள் எது?

கவிஞர்க்கு உரிய பணி

2023 மே 28-இல் புதிய நாடாளுமன்றக் கட்டடம் திறக்கப்பட்டபோது, மக்களவைச் சபாநாயகரின் இருக்கைக்கு அருகே ஒரு செங்கோல் நிறுவப்பட்டது. 1947 ஆகஸ்டு 14-இல் காவிரிப் படுகையின் திருவாவடுதுறை ஆதீனத்தார் நேருவிடம் அளித்த கோல் அது. படுகையின் கோல் அவையில் ஏறியது பற்றிப் பலரும் பேசினர். படுகையின் சொல் அவையில் ஏறியதா என்பது பேசப்பட வேண்டிய பொருள்.

அரசமைப்பின் 120-ஆம் உறுப்பு, இந்தியிலும் ஆங்கிலத்திலும் தம் கருத்தைச் சொல்ல இயலாத உறுப்பினரைத் தாய்மொழியில் பேச அவைத்தலைவர் இசையலாம் என்கிறது. அங்கும் ஒரு '-லாம்'. இன்று தமிழில் பேசுவோர்க்கு உடன்மொழிபெயர்ப்பு வசதி உண்டு. ஒன்றியச் சட்டங்களின் மாநில மொழிபெயர்ப்புகள் குடியரசுத் தலைவரின் அதிகாரத்துடன் அரசிதழில் வெளியானால் அவையும் அதிகாரப்பூர்வமானவை என 1973-இல் ஒரு சட்டமே இயற்றப்பட்டது. வாசல் திறந்தே உள்ளது. உழவர் படித்துப் பொருள் தெளியும் தமிழில் 1956-ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வோர் ஊர் நூலகத்திலும் இருக்க வேண்டும். 'வேண்டும்' எது, '-லாம்' எது எனச் சுட்டிக் காட்டும் உரை ஒன்றும் அதனுடன் இருக்க வேண்டும்.

உரையெழுதும் மரபு தமிழுக்குப் புதிதன்று. ஒரு சூத்திரத்தின் ஓரெழுத்தை வைத்துப் பக்கம் பக்கமாகப் பொருள் கண்ட இனம் இது. அந்தக் கூர்மை செய்யுளோடு நின்றுவிட வேண்டியதில்லை. 'கருதுமாயின்' என்ற ஒரு சொல்லால் ஏழாண்டு காத்த உழவரின் பொருட்டேனும், சொல்லாராய்ச்சியில் வல்லோர் சட்டத்தின் சொல்லை நோக்கித் தம் கண்ணைத் திருப்புதல் தகும். பத்தாண்டு நிறைந்த இவ்வட்டம் திங்கள்தோறும் கவிதை படித்து, சொல்லுக்குச் சொல் திருத்தம் சொல்லி வளர்ந்தது. அவ்வாறு திருத்தம் சொல்லும் பழக்கமே சட்டமியற்றும் அவைக்கும் உயிர். பதினோராம் ஆண்டில் ஒரு கூட்டத்தையேனும் ஒரு சட்டத்தின் சொற்களைப் படிப்பதற்கென ஒதுக்கி, கடைமடை உழவர் இருவரையும் அவைக்கு அழைத்து அமர்த்தினால் இவ்வட்டத்தின் பணி வயல்வரை பாயும்.

தலைமடையில் திறந்த நீர் கடைமடை சேர்ந்தால்தான் அது பாசனம். அவையில் எழுதிய சொல் குடியைச் சேர்ந்தால்தான் அது சட்டம்.

வட்டம் வளர்க, அதன் சொல் வாழ்க.